முஸல்லத்தின் வண்டி ஏன் நேராக ஓடவில்லை

நொறுங்கிப் போன ஒரு பிக்கப் வண்டியின் அடியில் என் மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். நான் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இதுதான் ஏற்பாடு. வீட்டிலும் ஏறக்குறைய இதேதான்.

"லைட்டை என் மூஞ்சில அடிக்காதீங்க, அபூ ஸாலிம். ஆக்ஸில்ல அடிங்க."

"ரெண்டுலயும் ஒரே அளவு கிரீஸ் இருக்கு. எது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மணி என்ன?"

"ஒன்பதரை."

"அஸர் தொழுகைக்கு ஆறு மணி நேரம்தான் இருக்கு" என்றாள் ஸுவைனா. அதற்குப் பிறகு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் மூளை ஓடுகிறது என்று அர்த்தம். முப்பத்தோரு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

என் மனைவி போக்குவரத்துத் துறையில் இருபத்தாறு வருடம் வண்டிப் பரிசோதகராக இருந்தவள். விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து, எது முதலில் உடைந்தது, எது பிறகு உடைந்தது என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் இப்ரா ஊரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது நிற்கவில்லை. நேற்று தட்டியவள் நஸ்ரா.

இருபத்தெட்டு வயது இருக்கும். காபியைத் தொடாமல் கம்பளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள். பத்தொன்பது நாளுக்கு முன்னால் அவளுடைய ஒரே அண்ணன் முஸல்லம், சினாவ் சாலையில் இந்தப் பிக்கப் உருண்டு செத்துப் போனான். அதற்கு மூன்று வாரம் முன்பு அந்த வண்டியை நாலு இன்ச் உயர்த்திக் கொடுத்தவன் தாலிப். தாலிப் அவளுடைய கணவன். முஸல்லத்தோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"வாப்பா என்னை அனுப்ப மாட்டேங்கிறார். என் மகனைக் கொன்னவன் வீட்டுக்கு என் மகள் போக மாட்டாங்கிறார். நாளைக்கு அஸருக்கு அப்புறம் பெரியவங்களைக் கூப்பிட்டிருக்கார். அவங்க முன்னால அவரைத் தலாக் சொல்ல வைக்கப் போறார்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்று ஸுவைனா கேட்டாள்.

"தப்பு என்னோடதுங்கிறார். வண்டியை உயர்த்திட்டு ஸ்டியரிங்கைச் சரி பண்ண மறந்துட்டாராம்."

"அப்புறம் நான் கண்டுபிடிக்க என்னம்மா இருக்கு?"

நஸ்ரா நிமிர்ந்தாள். "என் வீட்டுக்காரர் பால் வாங்க மறப்பார். என் பொறந்த நாளை மறப்பார். ஒரு போல்ட்டை மறந்ததில்ல. அவர்தான் என் அண்ணனைக் கொன்னாரான்னு மட்டும் சொல்லுங்க. கொன்னார்னா நானே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். இல்லன்னா யார் தடுத்தாலும் போவேன்."

அதனால்தான் இன்று காலையில் இந்தக் காயலான் கடையில், என் மனைவி மண்ணில் படுத்திருந்தாள்.

வண்டியைத் தூக்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு அடுத்த பிதியாவில் மணல்மேடு ஏறுகிற எவனும் கம்பெனி கொடுத்த உயரத்தில் வண்டியை வைத்திருப்பதில்லை. ஸ்பிரிங்கை மாற்றித் தூக்கிப் பெரிய டயர் மாட்டுவான். தூக்குவது சுலபம், பிறகு வருவதுதான் வேலை. சைக்கிளின் முன் ஃபோர்க் லேசாகச் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் நேராகப் போகிறது? பிக்கப்பின் முன் ஆக்ஸிலுக்கும் அந்தச் சாய்வு உண்டு. வண்டியைத் தூக்கினால் சாய்வு நிமிர்ந்துவிடும். அப்புறம் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. வேகத்தில் வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும். அதைச் சரிசெய்ய, ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளில், துளை நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கிற புஷ் என்ற வளையத்தைப் போட்டு, ஆக்ஸிலை மறுபடி சாய்க்க வேண்டும். தாலிப் போட மறந்ததாகச் சொன்னது அந்தப் புஷ்ஷைத்தான்.

"அபூ ஸாலிம், கொஞ்சம் படுங்க."

"இந்த வயசுலயா?"

"படுத்துப் பாருங்கன்னேன்."

படுத்தேன். ஆக்ஸிலின் இடது கையில் புத்தம்புது புஷ். துளை நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய கோடு. போல்ட்டை முறுக்கி முடித்தவன் போடுகிற கோடு. வலது பக்கத்திலும் அப்படியே. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற ராடும் புதிது.

"மறந்துட்டானாம்!" என்றாள்.

"மறந்தே இவ்வளவு செஞ்சிருக்கான். ஞாபகம் இருந்தா என்ன செஞ்சிருப்பானோ."

ஸுவைனா சிரிக்கவில்லை. "செஞ்ச தப்பை மறைக்கிறவங்களை ஆயிரம் பேரைப் பார்த்துட்டேன். செஞ்ச வேலையை மறைக்கிறவனை இப்பதான் பார்க்கிறேன்."

அவள் கோணமானியை ஆக்ஸிலில் ஒட்டினாள். வண்டி மணலில் உருண்டதால் கூரையும் கதவும்தான் போயிருந்தன. முன் ஆக்ஸிலும் ஸ்பிரிங்குகளும் கலையாமல் இருந்தன. கோணமானி அரை டிகிரி காட்டியது. வண்டியை நஸ்ராவின் வாப்பா ஹுமைத்துக்காக முன்பே அளந்த ஒர்க்‌ஷாப்காரன் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போயிருந்ததும் அதே அரை.

"ரெண்டு டிகிரிக்கு மேல வந்திருக்கணும்" என்று முணுமுணுத்தாள். "வேலை சரியா நடந்திருக்கு. அளவு தப்பா இருக்கு."

பிறகு எழுந்து வண்டியைச் சுற்றி வந்தாள். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக மூன்று பட்டைகள் கட்டியிருந்தன. அதனால் வால் பக்கம் நன்றாகவே தூக்கிக்கொண்டு நின்றது. பின்தொட்டி காலியாக இருந்தது. ஒரு கயிறுகூட இல்லை. முன்னால் வந்து, உடையாமல் தப்பியிருந்த வலது ஹெட்லைட்டின் முன் குந்தி உட்கார்ந்தாள்.

"இந்த லைட் எங்க பார்க்குது?"

குனிந்து பார்த்தேன். விளக்கு தலையைத் தொங்கப் போட்டிருந்தது. "தன் பம்பரையே பார்க்குது. வெட்கப்படற வண்டி போல."

"ஸ்க்ரூவில ஸ்பேனர் பட்ட தடம் இருக்கு. விபத்துல இறங்கல. யாரோ வேணும்னே இறக்கியிருக்காங்க." கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "வண்டியை எடுங்க. தாலிப்பைப் பார்க்கணும்."

*

தாலிப்பின் கொட்டகை பிதியாவில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. தண்ணீர் ட்யூப் வைத்து மட்டம் பார்த்து அவனே போட்ட சிமெண்டுத் தரை. அதில் நாலு சக்கரத்துக்கும் மஞ்சள் பெயிண்டில் கட்டம். ஸ்பேனர்கள் எல்லாம் துடைத்து வரிசையாக மாட்டியிருந்தன. பல நாளாக யாரும் அவற்றைத் தொட்ட மாதிரி தெரியவில்லை.

அவன் சவரம் செய்யாத முகத்தோடு எழுந்து நின்றான். உட்காரச் சொல்லிவிட்டுப் பேரீச்சம்பழத் தட்டைத் தேடினான். வீட்டில் பெண் இல்லாததால் தட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

"நஸ்ரா அனுப்பினாளா?" என்றான்.

"ஆமா. புஷ் போட்டியா?"

"மறந்துட்டேன், அக்கா."

"காலையில நான் பார்த்த புஷ்ஷை யார் போட்டா? ஜின் பூதமா?"

"ஜின்னு போட்டிருந்தா பெயிண்ட் கோடு வச்சிருக்காது. அதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது" என்று நான் சொன்னேன்.

தாலிப் தரையைப் பார்த்தான். "போட்டேன். ஆனா கோணம் சரியா பார்க்கல. அளக்க மறந்துட்டேன்."

"இப்ப மறதி கொஞ்சம் நகர்ந்துடுச்சு" என்றாள் ஸுவைனா.

நான் மஞ்சள் கட்டங்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பின் சக்கரக் கட்டத்துக்குப் பின்னால், சுவர் ஓரமாக, பேரீச்சங்கொட்டை போல ஏதோ சிதறிக் கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"வாயில போட்டுடாதீங்க" என்றாள் என் மனைவி. "அது ஒட்டகப் புழுக்கை."

சட்டென்று கீழே போட்டேன். "ஒட்டகத்தையும் சர்வீசுக்கு விடறாங்களா இங்க?"

ஸுவைனா அந்தப் புழுக்கையையும் மஞ்சள் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் வருவதைக் கண்ணால் பார்த்தேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கிற ஒரே சம்பளம் அதுதான்.

"முஸல்லம் பந்தய ஒட்டகம் வளர்த்தான்னு நஸ்ரா சொன்னா. அது பேர் என்ன?"

தாலிப் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைச் சரிசெய்யப் போனான்.

"பேர் கேட்டேன்."

"மய்யாஸா."

"அவளை வண்டி மேல உட்கார வச்சுத்தான் கோணம் அளந்தே."

ஸுவைனா மெதுவாக, ஆனால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனாள். "அரை டன் எடை. அவ ஏறி உட்கார்ந்தா வால் இறங்கும், மூக்கு நிமிரும். மூக்கு நிமிர்ந்தா முன் ஆக்ஸில் பின்னால சாயும். ஒண்ணரை டிகிரி, ரெண்டு டிகிரி அவளே குடுத்துடுவா. ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், அதனால லைட்டை இறக்கி வச்சே. ஒவ்வொண்ணையும் சரியா செஞ்சிருக்கே, தாலிப். ஒட்டகத்தோட சேர்த்து அந்த வண்டி நூல் பிடிச்ச மாதிரி ஓடியிருக்கும்."

"அவன் அவ இல்லாம ஒரு அடி நகர மாட்டான், அக்கா" என்று தாலிப் வாய் தவறிச் சொல்லிவிட்டான். "காலையில பயிற்சிக்கு, பகல்ல மேய்ச்சலுக்கு, வெள்ளிக்கிழமை தொழுகைக்குக்கூட அவளை ஏத்திக்கிட்டுத்தான் வருவான். பள்ளிவாசல்ல எல்லாரும் சிரிப்பாங்க. அந்த வண்டியே அவளுக்காகத்தான். அதுக்குத்தான் அவளை ஏத்திட்டு அளவு வைன்னு சொன்னான்." பிறகு நிறுத்திக்கொண்டான். கண் கலங்கியது. "நீங்க போயிடுங்க. நான் மறந்துட்டேன்னே எழுதிக்கோங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

கெஞ்சுகிறவனிடம் என்ன கேட்பது? வெளியே வந்துவிட்டோம்.

*

"கேஸ் முடிஞ்சுது" என்றேன், வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "ஒட்டகம் இல்லாம ஓட்டியிருக்கான், வண்டி அலைஞ்சிருக்கு. தாலிப் மேல தப்பில்ல. சாப்பிடப் போலாமா?"

"தப்பில்லன்னா ஏன் ஒத்துக்கிறான்? பொண்டாட்டி போயிடுவா. ஊர்ல ஒருத்தன்கூட இனிமே வண்டியை அவன்கிட்ட விட மாட்டான். ஒட்டகம் ஏறலன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஏன் சொல்லல?"

"ஒட்டகத்தைக் காணோம். அதான். முஸல்லம் அவளை வித்திருப்பான். வாப்பாவுக்குத் தெரியாம. தாலிப் கூட்டாளி. செத்தவன் மானத்தைக் காப்பாத்தறான்."

சொல்லும்போதே எனக்கு என்மேல் மரியாதை வந்தது. ஸுவைனாகூடத் தலையை ஆட்டினாள். "முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க. ஹுமைத் வீட்டுக்குப் போங்க. அந்த ஒட்டகம் கடைசியா எங்க இருந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

தெரிந்துதான் இருந்தது. நாங்கள் ஹுமைத்தின் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, முற்றத்துக் காஃப் மரத்தடியில் மய்யாஸா நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாய், பொன்னிறமாய், கழுத்தில் சிவப்புக் குஞ்சத்தோடு. என் மரியாதை வந்த வழியே திரும்பிப் போனது.

ஹுமைத் அவளுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். தாடியில் ஒரு கறுப்பு முடிகூட இல்லை. எங்களை வரவேற்று உட்கார வைத்து, தன் கையாலேயே காபி ஊற்றினார். கோபக்காரராக இருப்பார் என்று நினைத்து வந்திருந்தேன். கோபம் இருந்தது, ஆனால் அதற்கு அடியில் அந்த மனிதர் மொத்தமாக உடைந்துபோயிருந்தார்.

"சாப்பிட மாட்டேங்கிறா" என்றார், ஒட்டகத்தைக் காட்டி. "வண்டிச் சத்தம் கேட்டா கழுத்தைத் தூக்கிப் பார்க்கிறா. இப்ப நீங்க வந்தப்பவும் பார்த்தா."

"அன்னைக்கு இவ வண்டியில இல்லையா, மாமா?" என்று ஸுவைனா கேட்டாள். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது.

"இல்ல. அல்லாஹ் அவ உயிரை என் வாயால காப்பாத்தினான்."

காபிக் குவளை என் கையில் பாதியில் நின்றது.

"அமீரகத்துலேர்ந்து நாலு பேர் திடீர்னு வந்துட்டாங்க. மய்யாஸாவைப் பார்க்கணும்னு. வியாழக்கிழமை. விருந்தாளிக்கு ஆடு அறுக்காம எப்படி? சினாவ் சந்தைக்குப் போய் நல்லதா ஒண்ணு பிடிச்சுட்டு வாடான்னு முஸல்லத்தை அனுப்பினேன். அவளையும் ஏத்திக்கிட்டுப் போறேன்னான். 'கிறுக்கா, அவளைப் பார்க்கத்தானே வந்திருக்காங்க, எறக்கி விட்டுட்டுப் போ, வெறும் வண்டி பறந்துட்டு வரும்'னேன். முடியாதுன்னு நின்னான். நான் சத்தம் போட்டேன். நானே கயித்தை அவிழ்த்து எறக்கினேன்." அவர் ஒட்டகத்தின் கழுத்தைத் தடவினார். "அன்னைக்கு மட்டும் எறக்காம விட்டிருந்தா இவளும் போயிருப்பா, மகளே. அவன் வளர்த்தது ஒண்ணாவது எனக்கு மிஞ்சியிருக்கே. ராத்திரி தூக்கம் வரலன்னா வந்து இவளைப் பார்ப்பேன். இதையாவது சரியா செஞ்சேன்னு நினைச்சுக்குவேன்."

நான் என் மனைவியைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. ஒட்டகம் ஒரு பழத்தை வாயில் வாங்கி, மெல்லாமல் கீழே போட்டது.

"அந்தத் தாலிப்" என்றார் ஹுமைத். "என் வீட்டுல சாப்பிட்டு வளர்ந்தவன். என் பொண்ணைக் குடுத்தேன். நாலு புஷ்ஷை ஒழுங்கா போடத் தெரியாம என் புள்ளையைக் கொன்னுட்டான். நீ அந்த வேலை தெரிஞ்சவ. அஸருக்கு அப்புறம் வந்து எல்லார் முன்னாலயும் சொல்லு."

"வர்றேன், மாமா" என்றாள் ஸுவைனா.

*

அஸர் பாங்கு சொல்வதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தாலிப், நாங்கள் காரில் காத்திருந்த ஹுமைத்தின் தெருவுக்கு நடந்து வந்தான். வெள்ளை உடுப்பு, தலையில் ஒழுங்காகக் கட்டிய துணி. கல்யாணத்துக்குப் போகிறவன் போல உடுத்தியிருந்தான். ஸுவைனா காரின் பின்கதவைத் திறந்து, "ஏறு" என்றாள்.

ஏறினான். ஏசியை அதிகமாக வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"ஹுமைத் மாமாதான் ஒட்டகத்தை எறக்கச் சொன்னார்" என்றாள் ஸுவைனா.

தாலிப் கண்ணை மூடிக்கொண்டான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரோட்டுலேர்ந்து எனக்குப் போன் பண்ணினான். 'அவ இல்லாம ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குதுடா, வழுக்குது'ன்னான். எங்கடா அவன்னேன். வாப்பா எறக்கிட்டார்னான். அறுபதைத் தாண்டாதே, வழியில மணல் மூட்டை ஏதாவது போட்டுக்கோன்னேன். விருந்தாளி காத்துக்கிட்டு இருக்காங்கன்னான்."

"வேற என்ன சொன்னான்?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஸுவைனா அதற்கு மேல் கேட்கவில்லை. "உண்மையைச் சொன்னா உன் பொண்டாட்டி உனக்குக் கிடைப்பா" என்றாள்.

"அவருக்கு என்ன கிடைக்கும்?" தாலிப் ஜன்னல் வழியாக அந்த முற்றத்தைப் பார்த்தான். "நீங்க பார்த்தீங்கல்ல, அவர் அந்த ஒட்டகத்துகிட்ட நிக்கிறதை. அதைப் பிடுங்கி என் வீட்டை நான் கட்டவா? அதோட, என் தப்பும் இருக்கு, அக்கா. எந்த வண்டின்னாலும் பாரத்தோடவும் பாரம் இல்லாமலும் ஓட்டிப் பார்த்து, ரெண்டுக்கும் நடுவுலதான் வைக்கணும். அது எனக்குத் தெரியும். அவன் கேட்டான்னு முழுசா அவளுக்காக வச்சேன். கூட்டாளி கேட்டா முடியாதுன்னு சொல்லத் தெரியல எனக்கு."

"அவர் தலாக் கேட்டா?"

"குடுத்துடுவேன்."

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் வாயில் தயாராக இருக்கும். கல்யாண வீடு, சாவு வீடு என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

ஸுவைனா கதவைத் திறந்து இறங்கினாள். "நான் உனக்கு வேலை செய்யல, தாலிப். ஹுமைத் மாமாவுக்கும் செய்யல. என்னைக் கூப்பிட்டவ நஸ்ரா. அவகிட்ட சொல்லித்தான் ஆகணும்." சொல்லிவிட்டுப் பெண்கள் வாசல் பக்கமாகப் போனாள்.

*

ஆண்கள் கூடத்தில் பெரியவர்கள் ஆறு பேர் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். காபி ஒரு சுற்று வந்தது. தாலிப் செருப்பு கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். யாரும் அவனை மேலே வரச் சொல்லவில்லை. அந்தக் கூடத்தில் அவன் எத்தனை நூறு தடவை சாப்பிட்டிருப்பான்.

ஹுமைத் நீட்டி முழக்கவில்லை. "என் மகன் எப்படிச் செத்தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நான் ரத்தப்பணம் கேட்கல. என் பொண்ணை விட்டுடுன்னு கேட்கிறேன்."

உள்கதவின் திரை விலகியது. முதலில் ஸுவைனா வந்து நின்றாள். ஹுமைத் அவளைப் பார்த்து, "வா மகளே. வண்டியைப் பார்த்தியா? சொல்லு" என்றார்.

"பார்த்தேன், மாமா. என்னைக் கேட்டவகிட்ட சொல்லிட்டேன். இனி அவ சொல்லுவா."

பிறகு நஸ்ரா வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது, ஆனால் அழுத தடம் இல்லை. கையில் ஒரு துணிப்பை இருந்தது. அவள் வாப்பாவை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒருவர் இன்னொருவரை அப்படிப் பார்ப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

"அவர் தப்புதான், வாப்பா" என்றாள் நஸ்ரா.

தாலிப் தலையைக் குனிந்துகொண்டான். கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"கேட்டீங்களா?" என்றார் ஹுமைத் பெரியவர்களிடம்.

"ஆனா நான் அவரோட போறேன்."

ஹுமைத் மகள் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னே?"

"அவரோட போறேன்னேன்."

"உன் அண்ணனைக் கொன்னவனோடயா?"

"ஆமா, வாப்பா."

"நஸ்ரா, வேண்டாம்" என்று தாலிப் எழுந்தே விட்டான். "நீ இங்கயே இரு. அவரைத் தனியா விடாதே."

"நீங்க பேசாதீங்க" என்றாள் அவனைப் பார்க்காமல்.

ஹுமைத் காபிக் குவளையைத் தள்ளி வைத்தார். "போனா இந்தக் கதவு உனக்குத் திறக்காது. நான் செத்தாலும் வராதே. எனக்கு ரெண்டு பிள்ளை இருந்தது. ரெண்டும் அந்த வண்டியிலேயே போயிடுச்சுன்னு நினைச்சுக்குவேன்."

"சரி, வாப்பா."

அவள் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிடப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் முத்தம் அவர் தலைத்துணியின் ஓரத்தில் விழுந்தது. அதைக் கையால் ஒரு தடவை சரிசெய்துவிட்டு, பெரியவர்களுக்கு சலாம் சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "கல் நெஞ்சுக்காரி" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

*

நான்தான் ஓட்டினேன். ஸுவைனா முன்னால், அவர்கள் இருவரும் பின்னால். சாலையில் மணல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் கேஸ்களில் உண்மை தெரிந்தால் யாராவது ஒருவராவது நிம்மதியாகத் தூங்குவார்கள். இதில் தெரிந்தவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் அது பாரம். தெரியாதவர் ஒருவர்தான், அவருக்காகத்தான் இத்தனையும். அவரோ மகளைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. ஆடு கேட்காத விருந்தாளிகள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை.

தாலிப்பின் வீடு இருக்கும் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில் நஸ்ரா வாய் திறந்தாள்.

"அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணினான்னு அக்கா சொன்னாங்க."

"ஆமா."

"பயந்தானா?"

"இல்ல. சிரிச்சான். மய்யாஸா கூட இருந்தா எனக்கு வழி சொல்லுவா, இன்னைக்கு நீ சொல்றேன்னு கிண்டல் பண்ணினான்."

"கடைசியா என்ன சொன்னான்?"

தாலிப் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, மணல் காற்று உள்ளே வந்ததும் மறுபடி ஏற்றினான்.

"நான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் நஸ்ரா. "என்கிட்ட மறைக்காதீங்க."

"'வைடா, வாப்பா கூப்பிடறார், எடுக்கலன்னா திட்டுவார்'னான்" என்றான் தாலிப். "அதோட லைன் கட் ஆயிடுச்சு. அப்புறம் நான் கூப்பிட்டப்ப எடுக்கவே இல்ல."

அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை நாளாக அழாததையும் சேர்த்து அழுதாள். வாப்பா, வாப்பா என்றுதான் அழுதாள், அண்ணன் பெயரைச் சொல்லவில்லை. நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஸுவைனா இறங்கிப் பின்சீட்டுக்குப் போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தாலிப் வெளியே வந்து காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றான். நானும் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.